மாச பங்காளர் திட்டம் + போன் ஜெபம்: 5க்கு 1 ஸ்டார்

எந்த ஊழியம்னு பேர் போடல, இதே மாதிரி நடத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதனால முறைய மட்டும் எழுதுறேன். பெரியம்மா டிவில பாத்து சேந்தாங்க. மாசம் 500 ரூபா காணிக்கை, அதுக்கு தீர்க்கதரிசி ஐயாவே போன்ல ஜெபிப்பாராம், கூட ஒரு சின்ன பாட்டில் அபிஷேக எண்ணெய் கொரியர்ல வரும். எண்ணெய் சாதாரண ஆலிவ் ஆயில்தான், ஒழுகாம ஒழுங்கா வந்துச்சு, அந்த 1 ஸ்டார் அதுக்கு.

பிரச்சன போன்லதான். முதல்ல ஒரு சிஸ்டர் ரொம்ப அன்பா பேசி பேரு, ஊரு, என்ன வியாதி, பிள்ளைங்க எத்தன, யாருக்கு கல்யாணம் ஆகலன்னு ஒன்னொன்னா கேட்டு ஜெபக்குறிப்புன்னு எழுதிக்கிறாங்க. அப்புறம் ஐயா கூப்புட்டு, "அம்மா, கர்த்தர் எனக்கு காட்டுறாரு, உங்க வலது முழங்கால்ல ஒரு வேதன, ஒரு மகளோட கல்யாண காரியம் தடைபட்டு நிக்குது"ங்கிறாரு. பெரியம்மா அழுதுட்டாங்க. பக்கத்துல இருந்து கேட்ட எனக்கு வயிறு எரிஞ்சுது, வலது முழங்கால்னு அந்த சிஸ்டர்கிட்ட சொன்னதே பெரியம்மாதானே.

இது பழைய வேல. அமெரிக்கால பீட்டர் போபாஃப்னு ஒரு சுகமளிக்கும் ஊழியக்காரர், கூட்டத்துல யாரோ ஒருத்தரோட பேரு, அட்ரஸ், வியாதி எல்லாம் அப்படியே சொல்லுவாரு. 1986ல, இந்த மாதிரி ஏமாத்து வேலைய அம்பலப்படுத்துற மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டியோட ஆளுங்க ரேடியோ ஸ்கேனர் வச்சு கேட்டா, 39.17 மெகாஹெர்ட்ஸ்ல அவரு மனைவி ஜெப கார்டுல ஜனங்க எழுதிக் குடுத்தத வாசிக்கிறாங்க, அது அவரு காதுக்குள்ள இருந்த ரிசீவர்ல விழுது. ஜானி கார்சன் ஷோன்னு அங்க பிரபலமான டிவி நிகழ்ச்சில அத போட்டுக் காட்டிட்டாங்க, 1987ல திவால். ஆனா கொஞ்ச வருஷத்துல திரும்ப வந்து அற்புத ஊற்றுத்தண்ணின்னு பாக்கெட் அனுப்ப ஆரம்பிச்சாரு, அதையும் ஜனங்க வாங்குனாங்க.

அடுத்த போன்ல நானே கேட்டேன், காணிக்கை எங்க போகுது, ஆடிட் கணக்கு இருக்கா ஐயான்னு. "வீட்டுக்குள்ள சந்தேக ஆவி வந்திருக்கு, அதான் ஆசீர்வாதம் தடைபடுது, 5000 ரூபா விசேஷ காணிக்கை போடுங்க"ன்னாரு. விசுவாசம் இருந்தா சுகர் மாத்திரை எதுக்குன்னு வேற பெரியம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. உயிரோட விளையாடுறதுங்க அது, இத நான் சும்மா விடமாட்டேன், கேக்குற எல்லார்கிட்டயும் சொல்றேன்.

கேள்வி கேக்குறது பாவம்னு யாரு சொன்னா? பவுல் சொன்னதையே வேதத்துல பாத்து சரிபாத்த பெரோயா ஊர்க்காரங்கள அப்போஸ்தலர் 17 பாராட்டுது. படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கி காணிக்கையோட வந்து நின்னப்போ தீர்க்கதரிசி எலிசா ஒன்னும் வாங்கல, பின்னாடியே ஓடிப்போய் வெள்ளியும் துணியும் வாங்குனது அவரோட வேலைக்காரன் கேயாசி, அந்த குஷ்டம் அவன்மேல வந்துச்சு. ஆதி சபைக்காரங்க எழுதின டிடாகேங்கிற போதனை புத்தகத்துல, ஆவியில பேசுறேன்னு சொல்லிட்டு எனக்கு பணம் குடுன்னு கேக்குறவன் பேச்ச கேக்காதீங்கன்னு நேராவே இருக்கு, இல்லாதவங்களுக்காக கேட்டா அவன குத்தம் சொல்லாதீங்கன்னும் இருக்கு. அப்பவே எவ்ளோ தெளிவா இருந்திருக்காங்க.

எங்க சபை பாஸ்டர் பிரசங்கம் கொஞ்சம் நீளந்தான், கூட்டமும் பெருசா இல்ல. ஆனா கணக்கு கேட்டா நோட்டு எடுத்து முன்னாடி வைப்பாரு. முழங்காலுக்கு ஜெபிங்கன்னு பெரியம்மா கேட்டப்போ ஜெபிச்சுட்டு, "எனக்கு கர்த்தர் ஒன்னும் காட்டலம்மா, நாளைக்கே எலும்பு டாக்டர்ட்ட போங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க"ன்னாரு. ஒரு ரூபா வாங்கல. நான் நம்புறது இவர.

ஏற்கனவே சேந்தவங்க கவனிங்க, போன்ல வேணாம்னு சொன்னா மட்டும் பணம் நிக்காது. யுபிஐ ஆப்ல ஆட்டோபே போய் அவங்க பேர்ல இருக்கத கேன்சல் பண்ணுங்க, பேங்க் மேன்டேட் குடுத்திருந்தா பிராஞ்ச்ல எழுதிக் குடுங்க. பெரியம்மாவுக்கு நான் அப்படித்தான் நிறுத்துனேன்.