கல்லை எறிந்தது யார் என்று தெரிந்த பிறகு

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. போன வாரம் ஒரு ரிசப்ஷன் வீடியோ ரெண்டர் ஆக, அதாவது எடிட் செய்ததெல்லாம் சேர்ந்து முழு வீடியோவாகத் தயாராக, இரண்டரை மணி நேரம் ஆகும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. அந்த நேரத்துக்குள் அடங்குகிற படமாகத் தேடி, ஹாரி பாட்டர் வரிசையில் மூன்றாவதான ‘பிரிசனர் ஆஃப் அஸ்கபான்’ போட்டேன். 142 நிமிடம்.

2004-ல் வந்தபோது எனக்கு இது பிடிக்கவில்லை. அப்போதுதான் புத்தகத்தை முடித்திருந்தேன். திரையில் என்னென்ன விட்டுப்போச்சு என்று எண்ணுவதிலேயே பொழுது போய்விட்டது. படத்தை எங்கே பார்த்தேன்! இப்போது கதை பாதி மறந்திருந்தது. அதுவும் நல்லதுதான்.

முதல் இரண்டு படங்களை எடுத்த கிறிஸ் கொலம்பஸ் புத்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தவர். மூன்றாவதுக்கு வந்த மெக்சிகோக்காரர் அல்ஃபோன்சோ குவாரோன் அந்தக் கையை விட்டுவிட்டார். மந்திரப் பள்ளிப் பிள்ளைகள் டையைத் தளர்த்தி, சட்டையை வெளியே விட்டுத் திரிகிறார்கள். பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட்டின் குடிசை மலைச்சரிவுக்குக் குடிபோயிருக்கிறது. ஸ்காட்லாந்தின் க்ளென்கோ பக்கம் எடுத்தது. மேகமும் ஈரமும் சேர்ந்த பிறகுதான் அந்தப் பள்ளிக்கூடம் எங்கோ ஓர் ஊரில் நிஜமாகவே இருப்பது போல் ஆகிறது.

தொழில் புத்தியில் நான் சொக்கிப்போன இடம் ஒன்று உண்டு. மதுக்கடையில் நண்பன் ரானின் அப்பா ஹாரியைத் தனியே ஒதுக்கி, சிறையிலிருந்து தப்பிய சிரியஸ் பிளாக்கைப் பற்றி எச்சரிக்கிறார். கேமரா வெட்டாமல் இருவரோடும் நகர்கிறது. பின்னால் தூணில் ஒட்டிய தேடப்படும் குற்றவாளி நோட்டீஸில் பிளாக் வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருக்கிறான். அந்த ஃபுட்டேஜ் என் கையில் கிடைத்திருந்தால் அவர் முகம், இவன் முகம், நோட்டீஸ், மறுபடி இவன் முகம் என்று பத்து துண்டாவது போட்டிருப்பேன். பயம் போயிருக்கும்.

படம் முழுக்க நேரம் ஓடுகிற சத்தம். பள்ளி வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஆடும் ஊசல். பக்கத்தில் வருகிறவர்களை அடிக்கிற மந்திர மரம் ஒரே உதறலில் இலை முழுவதையும் கொட்டினால் குளிர்காலம் வரப்போகிறது என்று அர்த்தம். ‘சில மாதங்களுக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட வேண்டிய தேவையே இல்லை. இதெல்லாம் அழகுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசி நாற்பது நிமிடம் வேறு கணக்குச் சொல்கிறது.

குடிசைக்குள் எங்கிருந்தோ ஒரு கல் வந்து ஜாடியை உடைக்கிறது. இன்னொன்று ஹாரியின் பின்மண்டையில் படுகிறது. வெளியே ஓடும்போது அவன் தோழி ஹெர்மயனி மரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்து, ஏதோ தெரிந்ததே என்று தயங்குகிறாள். 2004-ல் இதையெல்லாம் நான் சட்டை செய்யவில்லை. பிறகு இருவரும் காலத்தில் பின்னோக்கிப் போய், அதே மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து தங்களையே பார்க்கிறார்கள். கல்லை எறிவது அவளேதான். அவ்வளவு பதற்றத்திலும், பின்னாலிருந்து பார்த்தால் என் முடி இப்படியா இருக்கும் என்று கேட்கிறாள் பாருங்கள்! இரண்டாம் முறை பார்க்கிறவனின் வேலையைப் படத்துக்குள்ளேயே இரண்டு பிள்ளைகள் செய்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பள்ளிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மந்திர வரைபடத்தை வரைந்த நால்வர் யார் என்று படம் சொல்லவே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் மானாக மாறத் தெரிந்த ஹாரியின் அப்பா; அதைச் சொல்லாததால், ஹாரி மந்திரத்தால் வரவழைக்கும் காவல் உருவம் ஏன் மான் என்பதன் அர்த்தமும் போய்விடுகிறது. சொல்ல இரண்டு வரி போதும். ஆசிரியர் லூபினாக வரும் டேவிட் தியூலிஸ் அவ்வளவு கனிவாக நடித்திருக்க, அவர் மாறுகிற ஓநாய் மனிதன் சொறிநாய் மாதிரி இருக்கிறது. துடைப்பத்தில் பறக்கும் ஹாரியின் முகத்தை இழுத்து, உறைய வைத்து முடிப்பார்களே, அந்தக் கடைசி ஃபிரேமை என் கிளையண்ட் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ரெண்டர் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் குடிசைக் காட்சிக்குத் திரும்பப் போய், மரங்களுக்கு இடையில் யாராவது தெரிகிறார்களா என்று ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.