கேபினை எடுப்பதா, பலகை மாட்டுவதா?

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் 28 பேர் வேலை பார்க்கும் சின்ன மெஷின் ஷாப் எங்களுடையது. ஆட்கள் மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு வழிகளைப் பார்த்தேன். முதலில் என் கண்ணாடி கேபினை எடுத்தேன். அப்புறம் ஆட்கள் எழுதுவதற்கு ஷாப் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினேன். என் ஓட்டு பலகைக்குத்தான்.

கேபினை எடுத்ததில் இடம் கிடைத்தது, ஒரு ஏசியும் மிச்சம். ஆனால் முன்பு கதவைத் தட்டிவிட்டு வந்து பேசியவர்கள், சூப்பர்வைசர் காதில் விழுமே என்று வாசல் டீக்கடையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஹார்வர்டின் ஈத்தன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை எடுத்த இரண்டு நிறுவனங்களில் நேரில் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. செலவு செய்வதற்கு முன் படித்திருக்கலாம்.

பலகைக்கு விலை பெரிதில்லை; பராமரிப்புதான் எல்லாம். துடைப்பதைச் சொல்லவில்லை, பதில் எழுதுவதைச் சொல்கிறேன். முன்பு ஒரு யோசனைப் பெட்டி வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதுதான் திறந்தோம். உள்ளே இரண்டு சீட்டு. ஒன்றை எழுதியவர் வேலையை விட்டே போயிருந்தார். டொயோட்டா 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டம் இன்றும் நடக்கிறது. எங்கள் பெட்டி ஒரு வருடம் தாங்கவில்லை.

எனவே இப்போது ஒரே விதி: சனிக்கிழமைக்குள் ஒவ்வொரு வரிக்கும் கீழே என் கையெழுத்தில் பதில். ஒரு ஆபரேட்டர், "அளவு பார்க்கும் கேஜுக்காக ஸ்டோருக்கு நடந்தே நேரம் போகிறது, மெஷின் பக்கத்தில் வையுங்கள்" என்று எழுதினார். "முடியாது, தொலைந்தால் யார் பொறுப்பு?" என்றேன். மறு வாரம் அதற்குக் கீழேயே, "காலையில் கையெழுத்துப் போட்டு எடுத்து, ஷிப்ட் முடிந்ததும் கொடுத்துவிடுகிறோம்" என்று வந்தது. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. காரணம் எழுதாமல் விட்டிருந்தால் அந்த இரண்டாவது வரி வந்திருக்காது.

ஆனால் சூப்பர்வைசரைப் பற்றிய புகாரை யாரும் பலகையில் எழுத மாட்டார்கள். அதற்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும். ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். பலகைக்கு எட்டு மாதம்தான் ஆகிறது, அதுவும் எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில். 300 பேர் இருக்கும் ஓஎம்ஆர் ஐடி ஆபீஸுக்கு இதையே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பதில் எழுத மறந்துவிட்டேன். திங்கள் காலை பலகையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.