வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டர் போதுமா? நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் கணினிக் கடைகளில் "சார், ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டுடலாமா?" என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. விண்டோஸ் 11, ஒழுங்காக இறங்கும் அப்டேட், ஒரிஜினல் லைசென்ஸ் மூன்றும் இருந்தால், விண்டோஸோடு வரும் அந்த ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே போதும். ஆனால் கணினி வாங்கி வந்த நிலையில் அப்படியே விட்டால் போதாது. அதன் பயனுள்ள சில வசதிகள் அணைந்தே வருகின்றன.

முதலில் வேகம். டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்று தெரிவது இதுதான். சும்மா இருக்கும்போது 150 முதல் 300 எம்பி வரை நினைவகம் எடுக்கும். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள கணினியில் இது இருப்பதே தெரியாது. 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கதை வேறு: ஸ்கேன் ஓடும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, பிரவுசர் திறக்கவே திணறும். தானியங்கிப் பராமரிப்புக்கு விண்டோஸ் வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. நம் வீடுகளில் அந்நேரம் கணினி அணைந்திருக்கும். ஆகவே பகலில் கணினி சற்றுச் சும்மா இருந்தால் அப்போது ஸ்கேன் தொடங்கும். டாஸ்க் ஷெட்யூலரில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' பணிக்கு, கணினி வழக்கமாக ஓடும் ஒரு நேரத்தை, உதாரணமாக மதியச் சாப்பாட்டு வேளையை, ட்ரிகராக (தொடங்கும் நேரமாக) கொடுத்தால் தொல்லை குறையும். அதையும் தாண்டி மெதுவாக இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். ஆன்டிவைரஸை மாற்றி இந்தச் சிக்கல் தீராது.

அடுத்து அமைப்புகள். எல்லாம் 'விண்டோஸ் செக்யூரிட்டி' ஆப்பில் இருக்கின்றன. அதன் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதியில் ரெபுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷனுக்குள் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் இடத்தில் 'பிளாக் ஆப்ஸ்', 'பிளாக் டவுன்லோட்ஸ்' இரண்டும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இலவச பிடிஎஃப் கன்வர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், 'கணினியை வேகமாக்கும்' போலி கிளீனர் போன்றவை இங்கேதான் பிடிபடும்.

'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பது 2017இல் வந்த வசதி. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக டிஃபெண்டரிடம் இருக்கும் நல்ல ஆயுதம், இன்னமும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. போட்டுவிட்டால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் முதலிய ஃபோல்டர்களில் அறிமுகமில்லாத மென்பொருள் எதுவும் எழுத முடியாது. அறிமுகமில்லாதது என்பதில் நமக்கு வேண்டியவையும் அடக்கம். பழைய பில்லிங் மென்பொருள், அதிகம் பேர் பயன்படுத்தாத எடிட்டர், சில கேம்கள் சேமிக்கப்போகும்போது 'ஃபைலை உருவாக்க முடியவில்லை' என்று மொட்டையாக ஒரு பிழைச்செய்தி காட்டும். டிஃபெண்டர் தடுத்தது என்று அந்தச் செய்தியில் இருக்காது. ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பார்த்து, 'அலோ ஆன் ஆப்' வழியாக அந்த ஒரு நிரலை மட்டும் அனுமதித்தால் சரி. முதல் இரண்டு வாரம் இந்த வேலை இருக்கும், பிறகு அடங்கிவிடும். எரிச்சலில் மொத்தமாக அணைத்துவிடுபவர்கள்தான் அதிகம், அங்கேதான் தவறு.

செகண்ட் ஹேண்ட் கணினியோ, தெரிந்த பையன் விண்டோஸ் போட்டுக்கொடுத்த அசெம்பிள்டு கணினியோ என்றால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலை, அதாவது ஸ்கேன் செய்யாமல் விடச் சொன்னவற்றின் பட்டியலை, திறந்து பார்க்காமல் விடாதீர்கள். கிராக் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவியை டிஃபெண்டர் 'ஹேக்டூல்' என்று பிடிக்கும் என்பதால், அதற்காக முழு சி டிரைவையே விலக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். பச்சை டிக் காட்டும், ஆனால் எதையும் பார்க்காது. வீட்டுக் கணினியில் 'இந்த அமைப்பை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்' என்று வந்தாலும் யாரோ ரெஜிஸ்ட்ரியில் கை வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கணினியைச் சரிசெய்ய முயல்வதைவிட விண்டோஸைப் புதிதாக நிறுவுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குறைகளும் இருக்கின்றன. டிஃபெண்டரின் கூர்மை பெரும்பாலும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக எட்டும் மைக்ரோசாஃப்ட் சர்வர்களில், இருக்கிறது. இணையம் இல்லாதபோது அதன் கண்டறியும் திறன் பல போட்டியாளர்களைவிடக் குறைவு என்பதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற ஆன்டிவைரஸ் சோதனை நிறுவனத்தின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் மட்டும் அவ்வப்போது இணையும் கணினிக்கு இது சிறிய விஷயமில்லை. அந்த ஹாட்ஸ்பாட் 'மீட்டர்டு' (டேட்டாவைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்று குறிக்கப்பட்டிருந்தால் வைரஸ் பட்டியல் அப்டேட்டும் தள்ளிப்போகும். வாரத்துக்கு இரண்டு முறையாவது கையால் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்த வேண்டும்.

இன்னொன்று, ஃபுல் ஸ்கேன் கொடுத்தாலும் பென் டிரைவை அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய் வரும் பென் டிரைவ்தான் நம் ஊரில் இன்றும் பெரிய வாசல். ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரிந்தால் பதறி ஃபார்மேட் செய்யாதீர்கள். ஃபைல்கள் உள்ளேயே இருக்கின்றன, மறைக்கப்பட்டிருக்கின்றன. பல நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள். முதலில் கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்ற பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் ஆசாமி. அதை நிறுத்தாமல் ஷார்ட்கட்களை அழித்தால் சில நொடிகளில் திரும்ப முளைக்கும். டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுத்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே சுமார் 15 நிமிடத்தில் சோதித்து முடிக்கும். அதன் பிறகே பென் டிரைவைச் செருகி, ஸ்கேன் செய்து, ஷார்ட்கட்களை அழித்துவிட்டு, மறைந்த ஃபைல்களை வெளிக்கொண்டுவர கமாண்ட் ப்ராம்ப்டில் 'அட்ரிப்' கட்டளை. மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் மூன்றும் வேண்டும். பின்னால் சாய்கோட்டுடன் எஸ், டி இரண்டும். ப்ராப்பர்ட்டீஸில் 'ஹிடன்' டிக்கை எடுக்க முயன்றால் அது சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்கும். சிஸ்டம் ஃபைல் என்ற முத்திரையும் சேர்த்துக் குத்தப்பட்டிருப்பதுதான் காரணம், அதனால்தான் இந்தக் கட்டளை.

தவறான எச்சரிக்கைகள் குறைவு, ஆனால் உண்டு. பிடிபட்ட பெயரின் வாலில் ஆச்சரியக்குறியோடு 'எம்எல்' என்று இருந்தால் இயந்திரக் கற்றல் ஊகித்துச் சொன்னது என்று பொருள். கீபோர்டு வேலைகளைத் தானியங்கியாக்கும் ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய சின்னக் கருவிகள் இதில் அடிக்கடி மாட்டும். வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஃபைலை ஏற்றி மற்ற எஞ்சின்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு மீட்டெடுங்கள். ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மெண்ட் போன்றவற்றை அங்கே ஏற்றக் கூடாது. ஏற்றியது வெளியாருக்கும் கிடைக்கக்கூடும்.

எந்த ஆன்டிவைரஸும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று சொல்லும் கிராக்கை நாமே ஓடவிடும்போது யாரும் தடுக்க முடியாது. ஸ்டாப்/டிஜெவு என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான்: 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி என்று தள்ளுபடியும் தரும். இதற்கு மருந்து எக்ஸ்டர்னல் டிரைவில் பேக்கப். முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பணம் கொடுத்து வாங்குவது யாருக்கு? பிள்ளைகளின் இணைய நேரத்தை விரிவாகக் கட்டுப்படுத்த நினைப்பவர்களுக்கு, பென் டிரைவ் செருகியதும் தானாக ஸ்கேன் ஆக வேண்டியவர்களுக்கு, சிக்கல் வந்தால் ஃபோனில் பேச ஓர் ஆள் வேண்டும் என்பவர்களுக்கு. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டும் இந்தத் தேவைகளுக்குப் பொருந்தும். இலவசம் என்றால் விலை வேறு எங்கோ இருக்கும்: பயனர்களின் பிரவுசிங் தகவலை விற்றதற்காக அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது. எதை வாங்கினாலும் ஆட்டோ ரெனிவலைக் கவனியுங்கள். முதல் வருட விலை தள்ளுபடி விலை. கார்டிலிருந்து 15,000 ரூபாய்க்குள் தானாகப் பிடிக்கும்போது ஓடிபி கேட்காது, 24 மணி நேரம் முன்பு ஒரு தகவல் மட்டும் வரும். புது லேப்டாப்போடு வந்த ட்ரையல் முடிந்திருந்தால் அதை வைத்திருக்காமல், அந்த நிறுவனத்தின் ரிமூவல் டூலால் அகற்றி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியின் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' பகுதியில் டிஃபெண்டர் பொறுப்பேற்றதா என்று பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது. ஒரே ஃபைலை இரண்டும் இழுத்துக்கொண்டு நிற்கும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்பதை நம்பி உட்கார வேண்டாம். பட்டியல் வேறு, ஓட்டையை அடைக்கும் பேட்ச் வேறு. 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் புகுந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச் வெளியாகியிருந்தது. போடாத கணினிகள் அடிவாங்கின.

திரையின் வலது மூலையில் 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியானது, 5 வைரஸ் இருக்கிறது' என்று வந்துகொண்டே இருந்தால் ஸ்கேன் செய்து பயனில்லை, டிஸ்கில் எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியதன் விளைவு அது. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அறியாத முகவரிகளை நீக்கினால் அன்றோடு நிற்கும்.