பழைய ஃபிகோ டீசலும் ரோட்டோர மெக்கானிக் ஷெட்டும்: டெல்டாவில் நீண்டகால சர்வீஸ் அனுபவம்

இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறு வருஷமே மறைமலைநகர் ஆலையிலும் உற்பத்தி நின்றது. ஸ்பேர் கிடைக்கிறது, கம்பெனி சர்வீஸும் இருக்கிறது. ஆனால் திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர் ஒரு ஆயில் சர்வீஸுக்காக அங்கே போய்வர ஒரு நாளையே தொலைக்க வேண்டும். அதனால்தான் ஃபோர்டு வேலை தெரிந்த தனி ஷெட்டுகளுக்கு இங்கே மவுசு. தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையை ஒட்டிய அப்படியொரு ஷெட்டில் வருஷக்கணக்காக வண்டி விட்டுப் பார்த்ததில் தெரிந்தவை இவை. வண்டி 2010 முதல் 2015 வரை விற்ற முதல் தலைமுறை ஃபிகோ, 1.4 டீசல், 1,399 சிசி, எட்டு வால்வு. பழைய ஃபியஸ்டா 1.4 டீசல் வைத்திருப்பவர்களுக்கும் இன்ஜின் சம்பந்தப்பட்டது அப்படியே பொருந்தும்.

வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடச் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினைக் காலையில் அவர்களே ஸ்டார்ட் செய்து கேட்பதற்காக. சூடான இன்ஜினில் பாதி நோய் மறைந்துவிடும். ஸ்டார்ட் ஆக எத்தனை சுற்று எடுக்கிறது, முதல் புகை வெள்ளையா கறுப்பா, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்த பிறகுதான் லேப்டாப்பை எடுத்து ஃபோர்டு வண்டியின் கோளாறைப் படிக்கும் ஃபோர்ஸ்கேன் சாஃப்ட்வேரைப் போடுகிறார்கள். ஸ்கேனர் காட்டிய கோளாறு எண்ணை மட்டும் நம்பி சென்சாரை மாற்றுகிற ஷெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடும்.

இந்த இன்ஜினின் முதல் வியாதி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் உட்காரும் செம்பு வாஷர். நாலு இன்ஜெக்டருக்கும் ஆளுக்கொன்று. விலை சொற்பம், ஆனால் அது விட்டுக்கொடுத்தால் சிலிண்டருக்குள் எரிகிற வாயு இன்ஜெக்டர் ஓரமாகக் கசிந்து மேலே வரும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 'சுக் சுக்' என்று ஒரு மூச்சுச் சத்தம், ஏசி போட்டால் உள்ளே புகை நாற்றம். மேலே இருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றினாற்போலக் கறுப்பாக இறுகிப்போயிருக்கும். பல இடங்களில் இதைப் பார்த்ததும் 'நாலு இன்ஜெக்டரும் போச்சு' என்று பெரிய தொகை சொல்வார்கள். இங்கே கேட்டது: "சார், இன்ஜெக்டர் போகல, வாஷர்தான் போயிருக்கு. கழட்டி சீட்டைச் சுத்தம் பண்ணாம புது வாஷர் போட்டா மூணு மாசத்துல திரும்ப வருவீங்க."

விஷயம் அந்த சீட்டில், அதாவது வாஷர் உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது. இறுகின கரியை ஊறவைத்து, இன்ஜெக்டரை நெம்பாமல் மெல்லத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தை ரீமர் என்கிற சுரண்டும் கருவி வைத்துக் கையால் சுற்றிச் சமப்படுத்த வேண்டும். செதில் சிலிண்டருக்குள் விழாதபடி ரீமர் முனையில் கிரீஸ் தடவுகிறார்கள். ஒருமுறை கழற்றிய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. இன்ஜெக்டர் தலையிலிருந்து டீசல் திரும்பிப் போகும் மெல்லிய ரிட்டர்ன் குழாய் இந்த வயதில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், தொட்டாலே உடையும். வேலைக்கு முன்பே அதையும் வாங்கிவைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கசிவைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் கரி ஆயிலில் கலந்து, டர்போவுக்கு ஆயில் போகிற வழி அடைபட்டு, கடைசியில் டர்போவும் போகும்.

ஆயில் விஷயத்தில் ஒரு கணக்கு. ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜினுக்கு 3.8 லிட்டர்தான். ஆயிலின் தடிமன் எண் 5டபிள்யூ-30, ஃபோர்டின் 913 தரக்குறியீடு உள்ளது. கடையில் கிடைப்பது நாலு லிட்டர் கேன், அதை முழுசாகக் கவிழ்த்துவிட்டு டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டிய வண்டிகள் ஏராளம். ஃபில்டர் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் காகித வகை. மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) கட்டாயம் மாற்ற வேண்டும், மூடியை 25 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் விரிசல் விடும். இங்கே முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்குகிறார்கள். ஆயிலைச் சூட்டோடு இறக்கி அரை மணி நேரம் சொட்டவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் இடைவெளி 7,500 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. வருஷத்துக்கு 4,000 கி.மீ. கூட ஓடாத வண்டிக்கும் வருஷ ஆயில் உண்டு. அதில் பேரம் பேசிப் பயனில்லை.

பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்தான் அடுத்த பெரிய செலவு. இது அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும், ராக்கர் உடையும். பழைய வண்டியில் அந்தச் செலவு செய்வதா விற்பதா என்கிற கேள்வியே வந்துவிடும். கி.மீ. குறைவாக ஓடியது என்று பெல்ட்டை விட்டுவைப்பது தப்பு. ரப்பர் வயதாலும் சாகும். வாங்கிய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறையைக் கூட நின்று பார்க்க விடுகிறார்கள். வலது முன்சக்கரமும் உள்வளைவு பிளாஸ்டிக்கும் கழலும். இன்ஜினுக்கு அடியில் ஜாக் முட்டுக் கொடுத்து அந்தப் பக்க மவுன்ட் கழலும். பிறகு கிராங்க் புல்லி, கவர். ஃப்ளைவீல், கேம் கப்பி, டீசல் பம்ப் கப்பி மூன்றுக்கும் லாக் பின் போட்டுத்தான் பழைய பெல்ட்டை எடுக்க வேண்டும். பெயின்ட் மார்க் வைத்து மாற்றுகிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பெல்ட்டோடு அதை இறுக்கும் டென்ஷனர், தாங்கும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்றுகிறார்கள். வாட்டர் பம்பை ஓட்டுவதும் இதே பெல்ட்தான், அது பிறகு கசிந்தால் மொத்த லேபரும் இரண்டாம் முறை. மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்யாமல், ரெஞ்ச் வைத்துக் கையால் பல சுற்று சுற்றி, லாக் பின்கள் மறுபடி சரியாக இறங்குகின்றனவா என்று பார்த்தார்கள். இறங்கவில்லை என்றால் முதலிலிருந்து.

இதுவரை சொன்னது எந்த ஊர் ஃபிகோவுக்கும் பொருந்தும். இந்த ஷெட்டை விடாமல் இருக்கக் காரணம் வேறு: சர்வீஸ் நாளை இவர்கள் கி.மீ. வைத்து மட்டும் சொல்வதில்லை, வயலையும் மழையையும் வைத்துச் சொல்கிறார்கள்.

சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் பிடுங்கி, ஊர் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்தில் அடிபட விடுவது இங்கே வழக்கம். அந்தக் காய்ந்த கொடி டயரோடு சுற்றி மேலேறி, சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டில் நூல்கண்டுபோல இறுகிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. லிஃப்டில் ஏற்றிய பிறகு பார்த்தால் ஷாஃப்ட்டின் 'பூட்' என்கிற ரப்பர் உறையின் மடிப்புக்குள் கொடி அறுத்துப் புகுந்திருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் சீல் ஓரத்திலும் இருக்கும். பூட் கிழிந்தால் கிரீஸ் போய், மண் ஏறி, ஜாயிண்ட் 'கடக் கடக்' என்று திருப்பத்தில் பேச ஆரம்பிக்கும். சீல் அறுந்தால் கியர் ஆயில் சொட்டும். இன்னொன்று ஆபத்தானது. இன்ஜினுக்கு அடியில் சேர்ந்த சருகு சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். உளுந்து பரப்பிய ரோட்டில் போய்வந்த அன்றே அடியில் குனிந்து பார்த்து, இன்ஜின் ஆறியதும் கொக்கிக் கம்பியாலோ கத்தரியாலோ எடுத்துவிடுங்கள். கத்தி வைத்து அறுத்தால் ரப்பர் உறையையும் சேர்த்து அறுப்பீர்கள்.

அறுவடைப் பருவத்தில் நெல் தூசும் பதரும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தைபோலப் படியும். ஏசி குளிரவில்லை என்று வந்த வண்டிக்கு உடனே கேஸ் ஏற்றாமல், முன்பக்கத்தைக் கழற்றி உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் வைத்து அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும். கேஸ் ஏற்றத்தான் வேண்டும் என்றால், பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். எடை வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

வயல் காய்ந்தால் எலிக்கு வேலை வீட்டிலும் வண்டியிலும்தான். அது கடிப்பது பெரும்பாலும் ஒயரும் டீசல் ரிட்டர்ன் குழாயும். கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் அந்த இடம் பச்சை பூத்து, செக் இன்ஜின் லைட் வந்து வந்து போகும், காரணம் யாருக்கும் பிடிபடாது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதுதான் முறை. இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். எலி மருந்தெல்லாம் வாசனை இருக்கும்வரைதான். காற்றுப் பாதைக்குக் கம்பி வலைத் தடுப்புப் போடுவது கொஞ்சம் தாங்குகிறது.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை காட்ட வேண்டியவை: டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், வைப்பர் ரப்பர், பின் டிரம் பிரேக். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் பிரேக் பைப்பும் பேட்டரி எர்த் ஒயரின் போல்ட்டும் கூட. உப்புக் காற்றில் எர்த் துருப்பிடித்தால் ஸ்டார்ட்டர் போனதுபோலவே நடிக்கும்.

கிளட்ச் பற்றி ஒரே வார்த்தை. பிளேட் மாற்றும்போது கியர்பாக்ஸ் கூண்டுக்குள் இருந்து கிளட்ச்சை விடுவிக்கும் ஹைட்ராலிக் ஸ்லேவ் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் மறுபடி கியர்பாக்ஸ் இறக்க வேண்டும்.

குறையும் உண்டு. எதையும் எழுதித் தருவதில்லை, வாய்க்கணக்குதான். நாமே கேட்டு வேலை வாரியாக வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். சொன்ன நாளில் வண்டி வராது. ஸ்பேர் வெளியூரிலிருந்து பஸ் பார்சலில் வருவதால் ஒரு ஓ-ரிங்குக்காக வண்டி இரண்டு நாள் நிற்கும். ஏர்பேக், ஏபிஎஸ் வேலைக்கு இவர்களே கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அது நேர்மை. பெயின்டிங்கும் டிங்கரிங்கும் சுமார், வேறு இடம் பாருங்கள். பழைய பாகத்தைக் கேட்காமலே பையில் போட்டுத் தருவார்கள். புதுப் பாகத்தின் டப்பாவையும் கேளுங்கள், பார்ட் நம்பரை நாமே சரிபார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இன்னும் 28 போட்டு யாராவது பில் தந்தால் கேள்வி கேளுங்கள்.

2010, 2011 வண்டிகளுக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். ஆர்சி முடிய 60 நாள் இருக்கும்போதிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். வண்டியைக் காட்டும் முன் ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், ஹாரன், புகை நான்கையும் ஷெட்டிலேயே பார்த்துவிடுங்கள். புகை சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றி, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, நல்ல ரோட்டில் சூடேற ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் போனால் கறுப்புப் புகைக்காகத் திரும்பி வருவது அநேகமாக இருக்காது.