சாலிப்புழாவில் கயாக்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகைச் சொன்னதும் நம் ஆட்கள் ரிஷிகேஷ் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தாண்டேலி என்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு தாண்டி ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சாலிப்புழாவை யாரும் சொல்வதில்லை. கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியை ஒட்டி ஓடும் சிற்றாறு அது. 2013இல் தொடங்கிய மலபார் ரிவர் பெஸ்டிவல் என்ற கயாக் போட்டி விழா நடக்கும் சில நாட்களில் மட்டும் வெளிநாட்டு வீரர்களும் கேமராக்களும் வந்து குவியும். மற்றபடி மழைக்காலம் முழுவதும் ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விழாக் கூட்டம் இல்லாத நாட்களாகப் பார்த்துப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன்.

இந்த ஆறு எத்தனையாவது தரம் என்று கேட்கிறார்கள். நேற்றிரவு மலையில் மழை பெய்ததா என்று நான் திருப்பிக் கேட்பேன். பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்து ஓடும் ஆறுகளை, எளிதானது ஒன்று, மிகக் கடினமானது ஆறு என்று தரம் பிரிப்பது உலக வழக்கம். அந்தக் கணக்கில் புலிக்கயத்தைச் சுற்றிய பகுதியை மூன்று என்பேன். துஷாரகிரி அருவிப் பக்கம் ஏறஏற நான்கைத் தொடும். ஆனால் இந்த எண்கள் காலையில் சரியாக இருந்து மதியம் பொய்த்துப்போகும். ஆறு பிறப்பது வெள்ளரிமலைத் தொடரில். அதன் உச்சியான வாவுல்மலை 2,339 மீட்டர். அந்த உயரத்து மழை, கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத கோடஞ்சேரிக்குச் சில கிலோமீட்டரிலேயே இறங்கி வந்துவிடுகிறது. நடுவில் தேக்கிவைக்கப் பெரிய அணை கிடையாது. செம்புக்கடவில் சிறிய நீர்மின் திட்டம் மட்டும் உண்டு. எனவே நீர் ஏறுவதும் வேகம், வடிவதும் வேகம்.

ஒரு திருப்பத்தை மட்டும் சொல்கிறேன். ஆள் உயரப் பாறைகள் இரண்டு எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் ஒன்றரைப் படகு அகலத்துக்கு வழி. நீர் குறைவான நாளில் வலது பாறையை உரசியபடி இறங்கி, உடனே இடப்பக்கம் மூங்கில் புதருக்குக் கீழே இருக்கும் எடியில் ஒதுங்கலாம். பாறைக்குப் பின்னால் ஓட்டம் திரும்பி மேல்நோக்கிச் சுழலும் ஓய்விடத்தைத்தான் எடி என்கிறோம். அரை மீட்டர் நீர் கூடினால் அந்த எடி காணாமல் போகிறது. வலது பாறையின் அடிப்பக்கம் குடைந்திருப்பதால் ஓட்டம் முழுவதும் அதற்குள்ளே போகும். அன்றைக்கு இடது ஓரமாகவே வர வேண்டும். துடுப்பை ஓங்கிப் போட்டு, படகின் மூக்கைத் தூக்கியபடி குதித்து இறங்க வேண்டும். இன்னும் கூடினால் இரண்டு பாறையும் மூழ்கிப் பழுப்பு நிறத்தில் ஒரே மேடாக நீர் புரளும். அப்போது படகைத் தோளில் வைத்துப் பாக்குத் தோட்டத்து வழியாக நடந்துவிடுவோம். அதில் எந்த வெட்கமும் இல்லை. ஒரே இடம், மூன்று ஆறு. இந்தப் பாடத்தை வேறெங்கும் இவ்வளவு மலிவாகக் கற்க முடியாது என்பதால்தான் இந்த ஆற்றை விட மனம் வருவதில்லை.

பாறையை விடவும் மரத்துக்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். இரண்டு கரையிலும் பாக்கு, தென்னை, ரப்பர், மூங்கில். ஜூன் மாத முதல் வெள்ளம் சாய்த்த மரங்கள் குறுக்கே கிடக்கும். கிளைகளுக்குள் நீர் புகுந்து போகும். ஆள் போக முடியாது, சல்லடையில் தங்கிய சக்கை மாதிரி அழுந்திக் கிடக்க வேண்டியதுதான். எனவே ஒவ்வொரு பருவத்திலும் முதல் முறை முழு நீளத்தையும் கரையோரம் நடந்து பார்த்த பிறகே படகை இறக்குகிறோம்.

படகைப் பற்றி. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய பாலிஎதிலீன் 'கிரீக்' படகு, அதாவது பாறை நிறைந்த சிற்றாறுகளுக்கான கயாக், என்னுடையது. இருபது கிலோவுக்குச் சற்று மேல் எடை, குட்டையான உடல், உருண்டையான மூக்கு. நெருக்கமான பாறைகளுக்கு இடையில் நீளப் படகு குறுக்கே மாட்டிக்கொள்ளும். குட்டைப் படகு நழுவி வந்துவிடும். அடிப்பக்கம் கீறலாகவே இருக்கிறது, ஓட்டை விழவில்லை. நீரைவிட வெயில்தான் இந்தப் பிளாஸ்டிக்குக்கு எமன், ஆகவே நிழலில் வைக்கிறேன். முதலில் தேய்ந்தது இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் ரப்பர் விளிம்பு. அடுத்தது காலணியின் அடி. பாசி படிந்த பாறையில் சாதாரணச் செருப்பு ஒரு நிமிடம் தாங்காது. தலைக்கவசத்திலும் உயிர்காப்பு உடுப்பிலும் மட்டும் காசு பார்க்காதீர்கள். வண்டியின் கூரையில் இதைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டினால் யாராவது ஒருவர் நிறுத்தி இது எந்த மீனுக்கு என்று கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

உடம்புக்கு வருவோம். அட்டை கடிக்கும், உப்பு போதும். எலிக்காய்ச்சல் அப்படியல்ல. கேரளத்தில் மழைக்காலத்தில் அது ஆளையே கொல்லும் நோய். வெள்ள நீரில் இறங்குபவர்கள் வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் எடுக்கும்படி அங்குள்ள சுகாதாரத் துறையே சொல்கிறது. புறப்படும் முன் மருத்துவரைப் பாருங்கள். திறந்த காயத்தோடு இறங்காதீர்கள். திரும்பியபின் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

உள்ளூர்க்காரர்களின் கண்ணை நம்பலாம். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மலைவெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று பொருள். டீக்கடைச் சேட்டன் ஒருவர் எங்கள் துடுப்பைக் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "முதலில் சாயா குடி, ஆறு எங்கும் போகாது" என்றார். முக்கால் மணி நேரத்தில் நாங்கள் படகு இறக்கும் படிகள் நீருக்குள் போயின. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையையும் சூரல்மலையையும் மண்சரிவு அடித்துச் சென்றது இதே மலைகளின் மறுபக்கத்தில்தான். மழைக்காலத்தில் சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நாளில் ஆற்றங்கரைக்கே போகக் கூடாது. ஆர்வக்கோளாறுக்கு அங்கே இடம் இல்லை.

எப்போது போகலாம்? விழா நடக்கும் ஜூலை, ஆகஸ்டு வேடிக்கை பார்க்க நல்லது. இறுதிப் போட்டியை, சாலிப்புழா போய்ச் சேரும் இருவஞ்சிப்புழாவில் புல்லூராம்பாறைப் பக்கம் கரையிலிருந்தே பார்க்கலாம். படகோட்ட எனக்குப் பிடித்தது ஆகஸ்டு பிற்பாதியும் செப்டம்பரும். இரண்டு மழைக்கு நடுவே நீர் தெளிந்து, பாறைகள் தலைகாட்டும் நாட்கள். ஜனவரிக்குப் பிறகு கூழாங்கல் பொறுக்கத்தான் ஆகும்.

கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் ரோல் உங்களுக்குப் பத்துக்கு எட்டு முறை வருகிறதா, வாருங்கள். வரவில்லையென்றால் முதலில் நீச்சல் குளம், பிறகு அசையாத ஏரி. அதன்பின் புலிக்கயத்தில் பயிற்சி தருபவர்களோடு நீர் குறைந்த நாளில் இறங்கலாம். மூன்று பேருக்குக் குறைந்து போக வேண்டாம். ஒருவர் கரையில், நீரில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பையோடு நிற்கட்டும். அந்தப் பையை எறிந்து பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது.