லாப்ரடாருக்கு ஆக்மி 211.5 விசில்

திருவையாற்றுப் பக்கம் சம்பா அறுத்த வயலில் எங்கள் லாப்ரடார் நாய் மணியை, ஆக்மி நிறுவனத்தின் இந்த 211.5 எண் விசிலால்தான் பழக்குகிறேன். உள்ளே உருளும் குண்டு கிடையாது, அதனால் எச்சில் பட்டு அடைக்காது. தொலைந்தாலும் இதே எண்ணில் வாங்கினால் அதே சுருதி. முதலில் சோற்றுத் தட்டு வைக்கும்போது மட்டும் ஊதினேன். இப்போது குட்டிக் குட்டியாக ஊதினால் ஓடி வருகிறான். நீளமாக ஒருமுறை ஊதினால் நின்ற இடத்தில் உட்காருகிறான். அடி, அதட்டல் அறவே கூடாது. வேகவைத்த கோழித்துண்டு போதும். வாய்க்காலுக்கு அப்பால் வீசிய கான்வாஸ் உருளையை, காது சொட்டச் சொட்ட நீந்தி, பல் பதியாமல் கவ்வி வந்து என் உள்ளங்கையில் வைக்கிறான்! இது வேட்டைக்கான பழக்கம் இல்லை; வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது, போடவும் வேண்டும். தேடலும் பாராட்டும்தான் அவனுக்குத் தேவை. விசிலை ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள், வண்டல் சேற்றில் விழுந்தாலும் கண்ணில் படும்.