வியூ ஈவென்ட் பஸ்ஸும் மிட்டும்: வெகுநாள் ஓட்டிப் பார்த்ததில்

வெப் பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான வியூவில் சைல்டு காம்போனென்ட் எமிட் செய்வது (ஈவென்ட் அனுப்புவது) அதன் நேர் பேரன்ட்டுக்கு மட்டும்தான் கேட்கும். பிரவுசரின் டாம் ஈவென்ட் போலப் படிப்படியாக மேலே ஏறாது. தொலைவில் இருக்கும் இரண்டு காம்போனென்ட்டுகள் பேசிக்கொள்ள, வியூ 2-இல் வெற்று வியூ இன்ஸ்டன்ஸ் ஒன்றைப் பொதுவில் வைத்து பஸ்ஸாக, அதாவது ஈவென்ட்டுகளைக் கடத்தும் பொது வழியாக, ஓட்டினார்கள். 2020 செப்டம்பரில் வந்த வியூ 3 அதன் ஆன் (கேட்கத் தொடங்க), ஆஃப் (கேட்பதை நிறுத்த), ஒன்ஸ் (ஒரே முறை கேட்க) மூன்றையும் நீக்கிவிட்டது. அந்த இடத்தை நிரப்புவது மிட் என்ற சிறு லைப்ரரி. ஜிஸிப் செய்தால் சுமார் 200 பைட்தான். ஒன்ஸ் இதில் கிடையாது. ஹேண்ட்லருக்குள்ளேயே, அதாவது ஈவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே, ஆஃப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாறுவது சுலபம். ஆனால் பழைய வினையும் கூடவே வருகிறது. இரண்டிலுமே ஆஃபுக்கு ஈவென்ட் பெயரை மட்டும் கொடுத்தால், அந்தப் பெயரில் காத்திருக்கும் லிஸனர்கள் அத்தனையும் போய்விடும். தலைப்புப் பட்டையில் தேதி ஃபில்டர் இருக்கிறது. ஆர்டர் பக்கமும் ரிப்போர்ட் பக்கமும் அதன் மாற்றத்தைக் கேட்கின்றன என்று வையுங்கள். வியூ 2-இல் ரூட் மாறும்போது ஆன் போட்டிருக்கும் ரிப்போர்ட்டின் கிரியேட்டட் ஹூக் (காம்போனென்ட் உருவானதும் ஓடுவது) முதலில் ஓடும், ஆஃப் போட்டிருக்கும் ஆர்டரின் பிஃபோர்டெஸ்ட்ராய் (அழியும் முன் ஓடுவது) அதற்குப் பிறகுதான். கிளம்பிப் போகிற பக்கம் இப்போதுதான் வந்தவரின் லிஸனரையும் துடைத்துவிடும். ரிப்போர்ட் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் ஃபில்டர் வேலை செய்யும், ஆர்டரிலிருந்து வந்தால் செய்யாது. இந்த அறிகுறி தெரிந்தால் வேறெங்கும் தேடாமல் ஆஃப் வரியைப் பாருங்கள். வியூ 3-இல் செட்டப்பில் (காம்போனென்ட் தொடங்கும்போது ஓடுவது) ஆன் போட்டு, ஆன்அன்மவுண்டடில் (அது நீங்கிய பின் ஓடுவது) பெயரை மட்டும் கொடுத்து ஆஃப் செய்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அந்த ஹூக் புதிய பக்கத்தின் செட்டப்புக்குப் பிறகே ஓடுகிறது.

மருந்து ஒன்றுதான்: ஹேண்ட்லருக்குப் பெயர் வைத்து, ஆனுக்கும் ஆஃபுக்கும் அதே ஃபங்ஷனைக் கொடுப்பது. ஆனில் எழுதிய ஆரோ ஃபங்ஷனை ஆஃபில் எழுத்து மாறாமல் திரும்ப எழுதினாலும் அது வேறு ஃபங்ஷன்தான். மிட் எரர் எதுவும் காட்டாமல் சும்மா இருந்துவிடும். பக்கத்துக்கு ஐந்து முறை வந்து போனால் ஒரே மாற்றத்துக்கு ஐந்து ஏபிஐ கால் போகும்.

கீப்-அலைவுக்குள் (மறைந்த பக்கத்தை அழிக்காமல் வைத்திருக்கும் வியூ வசதி) இருக்கும் பக்கங்களுக்கு, பக்கம் மாறும்போது அன்மவுண்ட் ஹூக்கே ஓடாது. அங்கே, பக்கம் தெரியும்போது ஓடும் ஆக்டிவேட்டடில் ஆன், மறையும்போது ஓடும் டீஆக்டிவேட்டடில் ஆஃப்.

இன்னொன்று, இந்த பஸ் யாருக்காகவும் நிற்காது. லேசி லோடில் (தேவைப்படும்போது மட்டும் கோடை ஏற்றுவது) தாமதமாக வரும் காம்போனென்ட்டுக்கு, அதற்கு முன் எமிட் ஆனது கிடைக்கவே கிடைக்காது. லாகின் செய்தவர் யார், கார்ட்டில் என்ன இருக்கிறது போன்ற, பிறகும் தேவைப்படும் தகவல்களைப் பினியா ஸ்டோரில் (வியூவில் காம்போனென்ட்டுகள் பகிரும் தகவல் கிடங்கு) வைப்பதே சரி. செட்டைம்அவுட் போட்டு எமிட்டைத் தள்ளிப்போடுவது ஒட்டுப்போடும் வேலை. டோஸ்ட் காட்டு, மோடலை மூடு மாதிரி வந்த கணத்தில் முடிந்துவிடும் செய்திகளுக்கு மிட் தாராளமாகப் போதும்.

வியூ டெவ்டூல்ஸ் டைம்லைனில் மிட் ஈவென்ட்டுகள் தானாகத் தெரியாது. டெவலப்மென்ட் பில்டில் மட்டும் நட்சத்திரக் குறியை ஈவென்ட் பெயராகக் கொடுத்து கன்சோல் லாக் செய்யும் ஒரு ஆன் போட்டுவிட்டால், எல்லா எமிட்டும் பெயரோடு கன்சோலில் வந்து விழும்.